எங்கள் பிள்ளைகளுக்கும் விளையாட இடம் வேண்டும்: கோரிக்கைச் சாசனம்

ஆட்டிசம், ஏடிஎச்டி, கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைகளின் பெற்றோரும் ஆசிரியர்களும் தமிழ்நாடு அரசின் முன்பும் உள்ளாட்சிகளின் முன்பும் இச்சாசனத்தை வைக்கிறோம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. படிப்போடு விளையாட்டையும் பள்ளிகள் மற்றவர்களுக்குச் சமமாக இப்பிள்ளைகளுக்கு வழங்க வேண்டும் என்கிறது அதன் 16ஆவது பிரிவு. 2007இல் இந்தியா ஏற்றுக்கொண்ட, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையும் இதையே சொல்கிறது. உரிமை முடிவான விஷயம். இன்னும் ஏன் கைக்கு வரவில்லை என்பதற்கே பதில் வேண்டும்.

முதலில் பூங்கா. ஒவ்வொரு மாநகராட்சி மண்டலத்திலும், ஒவ்வொரு நகராட்சியிலும் இருக்கிற பூங்காக்களில் ஒன்றையாவது ஓராண்டுக்குள் எங்கள் பிள்ளைகளுக்கும் ஏற்றதாக மாற்றுங்கள். சட்டென்று சாலைக்கு ஓடிவிடும் பிள்ளையின் மணிக்கட்டைத் தாய் விடுவதே இல்லை; பூங்காவுக்கு வந்தும் அந்தப் பிள்ளை விளையாடுவதில்லை. சுற்றுவேலியும் தாழ்ப்பாள் உள்ள கதவும் இருந்தால் அந்தக் கை விடுபடும். படுத்தபடி ஆடக்கூடிய கூடை ஊஞ்சல், மணல்தொட்டி, இரைச்சல் தாங்காதபோது ஒதுங்கி உட்கார நிழலான ஒரு மூலை, எது எங்கே என்று படத்தில் காட்டும் பலகை ஆகியவையும் வேண்டும். புதிய நிலம் தேவையில்லை. ஒப்பந்தக்காரருக்குக் கடைசிப் பில் தருவதற்கு முன் எங்கள் பிள்ளைகள் அங்கே விளையாடிப் பார்க்க வேண்டும்.

அடுத்து, விளையாட்டுப் பீரியட். நோட்டை முடிக்கவில்லை என்றோ, சிறப்புப் பயிற்றுநர் வந்திருக்கிறார் என்றோ அந்த நேரத்தைப் பறிக்கக் கூடாது. வரிசையில் நிற்பதும், முறை வரும்வரை பொறுப்பதும், தோற்றுவிட்டு மறுபடி சேர்வதும் மைதானத்தில்தான் பழகும். இதற்கு ஒரு சுற்றறிக்கை போதும். அடுத்த பருவம் தொடங்கும் முன் அனுப்புங்கள்.

அங்கன்வாடிப் பணியாளர்களுக்கு விளையாட்டுவழிப் பயிற்சி அளியுங்கள். தமிழகத்தில் 54,000-க்கும் மேற்பட்ட அங்கன்வாடிகள் உள்ளன. பாட்டில் மூடிகளை மணிக்கணக்கில் வரிசையாக அடுக்கும் பிள்ளையை வீட்டாருக்கு அடுத்தபடி முதலில் கவனிப்பவர் அங்குள்ள பணியாளர்தான். மூடியைப் பிடுங்கிவிட்டுப் பொம்மையைத் திணித்தால் பிள்ளை அழும். பக்கத்தில் உட்கார்ந்து அதே வரிசையில் ஒரு மூடியை வைத்துவிட்டுக் காத்திருந்தால், சற்று நேரத்தில் பிள்ளை அடுத்ததை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்க்கும். இன்னொருவரோடு சேர்ந்து விளையாடுவது அங்கே தொடங்குகிறது. இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். கற்றுத்தர ஆள் வேண்டும். பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம் சென்னையை அடுத்த முட்டுக்காட்டிலேயே இருக்கிறது. அதன் உதவியோடு இந்த நிதியாண்டிலேயே தொடங்குங்கள். இன்று மூன்று வயதான பிள்ளைக்கு அங்கன்வாடிக் காலம் விரைவில் முடிந்துவிடும்.

எங்கள் பிள்ளைகளுக்குத் தெரபி தரும் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையங்கள் சனிக்கிழமையும் மாலையிலும் இயங்கட்டும். ஒரு நாள் கூலியை இழந்து எந்தப் பெற்றோரும் வாரந்தோறும் வர முடியாது. தெரபி அறைக்கு வெளியே பெற்றோரைக் காக்க வைக்காமல், உள்ளே அழைத்து, வீட்டில் எப்படி விளையாடுவது என்று காட்டித்தாருங்கள்.

ஒவ்வொரு கோரிக்கைக்கும் பொறுப்பான அதிகாரி யார், எந்தத் தேதிக்குள் முடியும் என்பதை 30 நாட்களுக்குள் எழுத்தில் தெரிவியுங்கள். பரிசீலனையில் உள்ளது என்ற வரியைப் பதிலாக ஏற்க மாட்டோம்.