"கேஸ் கம்மியா இருக்கு சார்!"

மே மாதம். கத்தரி வெயில். கருவடிக்குப்பத்தில் ஒரு வீடு. மூன்று நாளாக ஏசியில் காற்று மட்டும் வருகிறது, குளிர் வரவில்லை. மெக்கானிக் வருகிறார். ரிமோட்டை வாங்கி ஒரு அமுக்கு அமுக்குகிறார். ஜன்னல் வழியாக வெளியே எட்டிப் பார்க்கிறார். பிறகு அந்தப் புகழ்பெற்ற வசனம்: "கேஸ் கம்மியா இருக்கு சார், ஃபுல் பண்ணிடவா?" வீட்டுக்காரர் கேட்பது ஒரே ஒரு கேள்விதான். "எவ்ளோப்பா ஆகும்?"

கோடை வந்தால் புதுச்சேரி, கடலூர், சென்னை என்று எல்லா ஊரிலும் நடக்கும் நாடகம் இது. மெக்கானிக்கைத் திட்டிவிட்டுப் போவது சுலபம். ஆனால் இதில் பாதித் தப்பு "எவ்ளோ ஆகும்" என்று மட்டும் கேட்பவருடையது. எப்படி என்று பார்க்கலாம்.

முதலில் அடிப்படை. ஏசியில் இருக்கும் கேஸ் ஸ்கூட்டர் பெட்ரோல் மாதிரி இல்லை. ஓட ஓடத் தீராது. கம்ப்ரசர், வெளிக் காயில், மெல்லிய குழாய், உள் காயில் என்று மூடிய வட்டத்துக்குள் அதே கேஸ்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. உள்ளே அது ஆவியாகும்போது அறையின் சூட்டை வாங்கிக்கொள்கிறது. வெளியே மறுபடி திரவமாகும்போது அந்தச் சூட்டைத் தெருவில் கொட்டுகிறது. அவ்வளவுதான் ஏசி. கேஸ் குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். ஓட்டையை அடைக்காமல் கேஸ் ஏற்றுவது, பஞ்சர் ஒட்டாமல் டயருக்குக் காற்று அடிப்பது போல. அடுத்த கோடையில் அதே வசனம், அதே பில்.

இன்னொன்று, குளிர் குறைந்தாலே கேஸ்தான் காரணம் என்பதும் கிடையாது. ஃபில்டரில் தூசி அடைத்தால் காயில் மேல் காற்று போகாது. அப்போது காயிலில் ஐஸ் கட்டும். கேஸ் குறைந்தாலும் ஐஸ் கட்டும். பார்ப்பதற்கு இரண்டும் ஒன்று போலவே இருக்கும். ஐஸைப் பார்த்ததும் கேஸ் சிலிண்டரைத் திறப்பவர் முதலில் ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தாரா என்பதுதான் கேள்வி. ஃபில்டர் கழுவ மெக்கானிக்கே தேவையில்லை. முன் மூடியைத் தூக்கி, வலையை உருவி, குழாயடியில் அலசி, நிழலில் காய வைத்து மாட்டினால் முடிந்தது. பத்து நிமிட வேலை. தினமும் ஓடும் ஏசிக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை செய்யலாம். சுவரில் தண்ணீர் ஒழுகினால் பெரும்பாலும் டிரெய்ன் குழாயில் பாசி அடைத்திருக்கும். அதற்கும் கேஸுக்கும் சம்பந்தம் இல்லை.

இனி ஊர் விஷயம். கருவடிக்குப்பம் என்றதும் பலருக்கு ஞாபகம் வருவது குயில் தோப்பு. 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வாழ்ந்த பாரதியார் வந்துபோன இடம். அன்று குளிர்ச்சி தேடிப் போனவருக்கு மர நிழலும் கடல் காற்றும் போதுமாக இருந்தது. இன்று தோப்புகள் இருந்த இடங்களில் மாடி வீடுகள், மாடிதோறும் ஏசி. கடல் காற்று மட்டும் மாறவில்லை. ஆனால் அன்று ஆளைக் குளிர்வித்த அதே காற்று இன்று ஏசியைத் தின்கிறது!

காரணம் உப்பு. வெளி யூனிட்டில் செம்புக் குழாயைச் சுற்றி அலுமினியத் தகடுகள் இருக்கும். இரண்டு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்பு ஈரம் பட்டால் அலுமினியம் வேகமாக அரிக்கும். தகடுகள் வெள்ளைப் பொடியாக உதிர்வதைக் கடலோர வீடுகளில் பார்க்கலாம். தகடு போனால் சூடு வெளியேறாது, கம்ப்ரசர் திணறும், கரண்ட் பில் ஏறும். குழாய் மூட்டுகளும் அரித்தால் கேஸ் கசியும். ஆகவே உள்ளூர்க்காரர் வெளி யூனிட்டையும் மாதம் ஒரு முறை மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு நல்ல தண்ணீரால் மெதுவாக அலசுவது நல்லது. (போர் தண்ணீர் உப்பாக இருந்தால் அது வேண்டாம், உப்பைக் கழுவ உப்பா?) பம்ப் வைத்து அருகிலிருந்து அடித்தால் தகடுகள் மடங்கிவிடும்.

இது வீட்டுச் செலவு மட்டும் என்றால் ஒரு கட்டுரையே தேவையில்லை. கசியும் கேஸ் எங்கே போகிறது? இப்போது விற்கும் பல ஏசிகளில் இருப்பது ஆர்32. ஒரு கிலோ ஆர்32 காற்றில் கலந்தால் நூறு ஆண்டுக் கணக்கில் 675 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும். பழைய ஆர்22க்கு அந்த எண் 1,810, ஆர்410ஏவுக்கு 2,088. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் வருவது சுமார் 2.3 கிலோ. ஆக ஒரு கிலோ ஆர்32ஐ வெளியே விடுவது ஏறத்தாழ 290 லிட்டர் பெட்ரோலை எரிப்பதற்குச் சமம். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் ஓடும் ஸ்கூட்டரில் 13,000 கிலோமீட்டர் போகலாம்! ஆர்32, ஆர்410ஏ போன்ற கேஸ்களைக் குறைக்கத்தான் 2016இல் கிகாலியில் உலக நாடுகள் ஒப்பந்தம் போட்டன. இந்தியா 2021இல் அதை ஏற்றது. ஒப்பந்தம் டெல்லியில் கையெழுத்தாகலாம், ஆனால் கேஸ் வெளியேறுவது ஜன்னலுக்கு வெளியே.

அந்த ஜன்னலுக்கு வெளியேதான் இன்னொரு பெரிய விஷயமும் இருக்கிறது. வெளி யூனிட் எங்கே மாட்டப்படுகிறது என்று தெருவில் நடந்து பாருங்கள். இரண்டாம் மாடி, மூன்றாம் மாடி ஜன்னலின் சன்ஷேடில். அல்லது வெறும் சுவரில் இரும்பு ஆங்கிள் அடித்து. அந்த ஆங்கிளையும் உப்புக் காற்று சும்மா விடுவதில்லை. சர்வீஸ் செய்ய வருபவர் ஒரு காலை ஜன்னலிலும் இன்னொரு காலை அந்தத் துருப்பிடித்த இரும்பிலும் வைக்கிறார். இடுப்பில் பெல்ட் கிடையாது. உள்ளே இருப்பவர் "பாத்து தம்பி" என்கிறார். அதோடு அவர் பொறுப்பு முடிந்தது.

இப்போது யோசியுங்கள். அப்படித் தொங்கிக்கொண்டிருப்பவர் சோப்பு நுரை தடவி ஒவ்வொரு மூட்டாக லீக் தேடுவாரா? நைட்ரஜன் ஏற்றிச் சோதிப்பாரா? வேக்கம் பம்பைத் தூக்கிக்கொண்டு வந்து ஓட விடுவாரா? சீக்கிரம் கேஸை ஏற்றிவிட்டு உயிரோடு உள்ளே வரத்தான் பார்ப்பார். அதிலும் ஆர்32 தீப்பற்றக்கூடிய கேஸ். நல்ல சர்வீஸ் வேண்டும் என்றால் முதலில் அந்த மனிதர் நிற்க இடம் வேண்டும். ஏசி வாங்க முப்பதாயிரம், நாற்பதாயிரம் செலவு செய்பவர், சர்வீஸ்காரரிடம் நூறு ரூபாய்க்குப் பேரம் பேசுவது என்ன நியாயம்?

"நாங்க வாடகை வீடு, எங்கே மாட்டச் சொல்வது?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். வீட்டு ஓனர் சன்ஷேடைத்தான் காட்டுவார். அதனால் இது வீடு கட்டும்போதே முடிவாக வேண்டிய விஷயம். பால்கனி ஓரம், மொட்டை மாடி, ஆள் நின்று வேலை செய்யக்கூடிய எந்த இடமும் சரி. தரையில் வைப்பது இன்னும் சுலபம், ஆனால் 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் 46 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியதை மறக்கக் கூடாது. மொட்டை மாடிக்குக் குழாய் கொஞ்சம் நீளும், செலவு கொஞ்சம் கூடும். கூடட்டும். ஒரு உயிரை விட அது அதிகம் இல்லை.

அரசுக்கும் இதில் வேலை உண்டு. 2019இல் வெளியான இந்தியக் குளிர்விப்புச் செயல் திட்டம், 2022-23க்குள் ஒரு லட்சம் சர்வீஸ் டெக்னீஷியன்களுக்குப் பயிற்சியும் சான்றிதழும் தருவதை இலக்காக வைத்தது. நல்ல இலக்கு. ஆனால் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்கும் வாடிக்கையாளர் இல்லாவிட்டால் பயிற்சி எடுத்தவருக்கும் எடுக்காதவருக்கும் ஒரே கூலிதான். பிறகு யார் பயிற்சிக்குப் போவார்கள்?

ஆகவே அடுத்த முறை "கேஸ் கம்மியா இருக்கு" என்று கேட்டால் விலைக்கு முன்னால் மூன்று கேள்விகள் போதும். லீக் எங்கே? அடைத்த பிறகு வேக்கம் போடுவீர்களா? தராசில் வைத்து எத்தனை கிராம் ஏற்றப்போகிறீர்கள்? (சரியான அளவு யூனிட்டின் பெயர்த் தகட்டிலேயே இருக்கும்.) மூன்றுக்கும் பதில் சொல்பவர் கேட்கும் கூலியை முகம் சுளிக்காமல் கொடுங்கள். அவருக்கு நிற்க இடம் இல்லை என்றால், யூனிட்டைக் கழற்றி உள்ளே கொண்டுவந்து வேலை பார்க்கச் சொல்லுங்கள், அதற்கான கூலியையும் சேர்த்து. அறை குளிர ஒரு நாள் தாமதமாகும். மின்விசிறி இருக்கிறதே!