24 பென்சில் எதற்கு? மூன்று போதும்!

இன்று கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுகிறேன்.

என் பேத்தி நாலாம் வகுப்பு. ஓவிய வகுப்புக்கு 24 பென்சில் உள்ள பெட்டி வேண்டும் என்று பள்ளியில் சீட்டு கொடுத்தார்கள். மகளும் வாங்கித் தந்துவிட்டாள். பிள்ளை பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, "பாட்டி, இதுல எதை எதுக்கு எடுக்கணும்?" என்று கேட்கிறாள். வகுப்பில் யாரும் சொல்லித் தரவில்லையாம்!

ஐந்து நிமிடப் பாடம் அது. பென்சிலுக்குள் இருப்பது ஈயம் அல்ல. கிராஃபைட்டும் களிமண்ணும் கலந்து சுட்டது. 1795-இல் பிரான்சில் கோன்டே என்பவர் இந்த முறைக்குக் காப்புரிமை பெற்றார். களிமண் கூடினால் கடினம், கோடு வெளிறும். அது எச். கிராஃபைட் கூடினால் மென்மை, கோடு கருக்கும். அது பி. நடுவில் எச்பி. எண் ஏற ஏற அந்தந்தக் குணமும் ஏறும். அவ்வளவுதான்.

வரையத் தொடங்கும் பிள்ளைக்கு மூன்று போதும். உருவத்தை லேசாகப் போட எச்பி. நிழலுக்கு 2பி. அடர்ந்த கருப்புக்கு 6பி. 2எச், 4எச் எல்லாம் இப்போது வேண்டாம். சின்னப் பிள்ளைகள் அழுத்தித்தான் போடுவார்கள். ரப்பரால் அழித்தாலும் தாளில் பள்ளம் நிற்கும். கடையில் சில்லறையாகக் கேட்டு வாங்குங்கள். முனையைப் பாருங்கள், கரி நட்டநடுவில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால் சீவச் சீவ உடையும். வழவழப்பான தாளும் வேண்டாம், அதில் கரி பிடிக்காது.

"ஓவியருக்கு எல்லாம் வேண்டாமா டீச்சர்?" என்பீர்கள். வேண்டும்தான். பிள்ளை ஓவியராகும் அன்று அவளே கேட்டு வாங்குவாள். இன்று பெட்டி வாங்க முடியாத வீட்டுப் பிள்ளை, தனக்கு ஓவியமே வராது என்று ஒதுங்கிப்போகிறதே, அதற்கு யார் பதில் சொல்வது?

இதைச் சொல்ல எனக்கு முழுத் தகுதி இல்லை. ஐந்தாம் வகுப்பில் ஒரு பையன் கோயில் யானை வரைந்தான். கையில் இருந்தது ஒரே ஒரு எச்பி. கருப்பு வரவில்லை என்று அழுத்தி அழுத்தித் தேய்த்தான், தாள் கிழிந்தது. "உனக்கு வரையவே வராதுடா" என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். அதன்பின் அவன் ஓவிய நோட்டைத் திறந்து நான் பார்க்கவில்லை. குறை பென்சிலில் இருந்தது. அதை அறியாத குறை என்னிடம் இருந்தது. ஆசிரியர் பயிற்சியில் பட்டயம் வாங்கியவள் நான்!

தம்பி, நீ இதைப் படித்தால் டீச்சரை மன்னித்துவிடு. ஒரு 6பி வாங்கு. அந்த யானையை மறுபடி வரைந்து எனக்கு அனுப்பு.

மற்றவர்களே, பெட்டி கேட்கும் பள்ளியிடம் போய், "எது எதற்கு என்று முதலில் சொல்லிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். பயப்படாமல் கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்