டொர்னேடோ இல்லை, சுமத்ரா காற்று உண்டு: உங்கள் குடும்பம் தயாரா?

"டொர்னேடோவா? அதெல்லாம் அமெரிக்காவுலதானே!" என்று நினைக்கிறீர்களா? 2024 செப்டம்பர் 17ஆம் தேதி மாலையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பலத்த காற்றில் தீவெங்கும் மரங்கள் சாய்ந்தன, கிளைகள் முறிந்தன. அப்படி 300க்கும் அதிகமான சம்பவங்கள். தெங்காவில் காற்றின் வேகம் மணிக்கு 83.2 கிலோமீட்டர்.

அதுதான் சுமத்ரா காற்று.

எப்படி உருவாகிறது?

சுமத்ராவிலோ மலாக்கா நீரிணையிலோ திரளும் இடிமேகங்கள் வரிசையாக நம் பக்கம் நகர்ந்து வருகின்றன. பெரும்பாலும் ஏப்ரல் முதல் நவம்பர் வரை, அதுவும் விடியற்காலையிலோ காலையிலோ வரும். ஓரிரு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும்.

அவ்வளவு ஆபத்தானதா?

சிங்கப்பூரில் பதிவான ஆக வேகமான காற்று மணிக்கு 144.4 கிலோமீட்டர் (தெங்கா, 1984 ஏப்ரல் 25). அமெரிக்காவில் டொர்னேடோவை ஆறு நிலைகளாக வகைப்படுத்துகிறார்கள். அதில் இரண்டாம் நிலை 138 கிலோமீட்டரில் தொடங்குகிறது. அதாவது, டொர்னேடோ வராவிட்டாலும் அந்த வேகம் இங்கே வந்திருக்கிறது.

வீட்டில் என்ன செய்யலாம்?

வீவக புளோக் அசையாது. பறப்பதும் விழுவதும்தான் பிரச்சினை. காற்று விடியற்காலையில் வரலாம் என்பதால் தூங்கப்போகும் முன்பே இதையெல்லாம் முடித்துவிடுங்கள்:

• சன்னல் விளிம்பில் இருக்கும் பூந்தொட்டிகளை உள்ளே எடுத்து வையுங்கள்.

• துணி காயப்போடும் கம்புகளை உள்ளே இழுத்துவிடுங்கள்.

• சன்னல்களைத் தாழிடுங்கள். வெளிப்பக்கம் திறக்கும் சன்னல்களில் அலுமினிய ரிவெட்டுகளுக்குப் பதிலாக எஃகு ரிவெட்டுகள் இருக்கவேண்டும். 2004 முதல் இது சட்டம். பழைய வீடு என்றால் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வெளியில் இருந்தால்?

ஞாயிற்றுக்கிழமை ஃபேரர் பார்க் பக்கம் திறந்தவெளியில் நண்பர்களோடு இருக்கிறீர்கள், வானம் திடீரென இருட்டுகிறது. மரத்தடிக்கு ஓடாதீர்கள்! கிளை முறியலாம், மின்னலும் தாக்கலாம். தற்காலிகக் கூடாரமும் வேண்டாம். எம்ஆர்டி நிலையத்துக்குள்ளோ தேக்கா நிலையத்துக்குள்ளோ போய்விடுங்கள். யாராவது காயமடைந்தால் 995ஐ அழையுங்கள்.

குடும்பத்தோடு பேசிவையுங்கள்

மைஎன்வி செயலியில் மழை எச்சரிக்கை உங்கள் கைபேசிக்கு வரும். ஆனால் காலை 6 மணிக்கே சந்தைக்குக் கிளம்பும் பாட்டிக்கு? வீட்டில் ஒருவர் அந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். "பாட்டி, காத்து பலமா இருக்கு, ஒரு மணி நேரம் கழிச்சுப் போங்க" என்று சொன்னால் போதும். சீக்கிரம் ஓய்ந்துவிடும் காற்று இது. காத்திருப்பதுதான் ஆக எளிதான பாதுகாப்பு.