1980-ஆம் ஆண்டின் தலையாய இசைத்தட்டு யாது?

மேனாட்டில் ராக் இசையில் ஈடுபாடுடையோர் கூடுமிடத்தெல்லாம் ஓயாது நிகழும் வழக்கு ஒன்றுண்டு. இசைத்தட்டுகள் வெளிவந்த ஆண்டுகளுள் தலைசிறந்தது யாது என்பதே அது. 1971 என்பார் பலர். லெட் செப்பலின் குழுவினரின் நான்காம் தட்டும், ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினரின் 'ஸ்டிக்கி ஃபிங்கர்ஸ்' என்பதும், தி ஹூ குழுவினரின் 'ஹூஸ் நெக்ஸ்ட்' என்பதும் அவ்வோராண்டிலேயே வெளிவந்தமை அவர் காட்டும் சான்றாகும். இவ்வழக்கைக் கேட்குந்தோறும், நம் தமிழ்நாட்டிற்கு இத்தகைய ஆண்டு ஒன்று இல்லையோ என்னும் வினா எம்முள் எழுவதுண்டு. உண்டென்பதும், அது 1980 என்பதும், அவ்வாண்டின் தட்டுகளுள் தலையாயது 'நிழல்கள்' என்பதும் எம் கருத்து. அதனை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

'நீவிர் பிறவாத காலத்து இசையைப் பற்றி உமக்கென்ன தெரியும்?' என்று மூத்தோர் சிலர் வினவக்கூடும். அவ்வினா எமக்குச் சாதகமானதே. அவ்வாண்டில் இளைஞராயிருந்தோர்க்குத் தம் இளமை நினைவும் பாட்டும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. பாட்டை எடை போடுங்கால் நினைவும் தராசில் ஏறிவிடுகின்றது. எமக்கோ அந்நினைவு இல்லை. எம் செவி ஒன்றே சான்று. 'திரைப்பாட்டு ஆராய்ச்சிக்குரியதோ?' என்பது வேறு சிலர் வினா. மக்கள் நாவில் நாற்பதாண்டுக்கு மேலாக வழங்கும் பாட்டை ஆராயத் தமிழ் பயில்வோர் நாணுவராயின், அப்பணியை வேறு யாவர் செய்வர்?

நிற்க. மேனாட்டுத் தட்டிற்கும் நம் தட்டிற்கும் உள்ள வேறுபாட்டை முதலில் உணர்தல் வேண்டும். ஆண்டு, பாடுவோரே எண்ணி, எழுதி, இசைத்து, வரிசையும் வகுத்துத் தட்டை ஒரு தனி நூலாக்குகின்றனர். ஈண்டு, தட்டு படத்தின் ஏவலாளாகப் பிறக்கின்றது. கதை வேண்டுமிடத்தில், இயக்குநர் வேண்டியவாறு பாட்டு அமைகின்றது. நிமிடத்திற்கு 45 முறை சுழலும் சிறு தட்டாயின், பக்கத்திற்கு இரண்டாக நான்கு பாட்டே பெரும்பாலும் அடங்கும். ஆதலின் நம் தட்டுகளை மூன்று உரைகற்களில் உரைத்துப் பார்த்தல் தகும் என்போம். படத்தைக் காணாதவர்க்கும் தட்டு தானே நின்று பேசுகின்றதா என்பது முதலாவது. சொல்லும் இசையும் ஒன்றையொன்று விழுங்காது நிற்கின்றனவா என்பது இரண்டாவது. தட்டில் தள்ளத்தக்க பாட்டு ஒன்றேனும் உண்டா என்பது மூன்றாவது.

இனி அவ்வாண்டைத் திங்கள் முறையே காண்போம்.

பிப்ரவரியில் வந்தது 'சங்கராபரணம்'. அது தெலுங்குப் படமாயிற்றே, தமிழர் பட்டியலில் அதற்கென்ன இடம் என்று கேட்போர் இராஜபாளையத்திற்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ஒருமுறை வருக. இராஜபாளையத்து ராஜுக்கள் இல்லந்தோறும் தெலுங்கு இன்றும் வழங்குகின்றது. அவ்வூரின் குமாரசுவாமி ராஜா 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக வீற்றிருந்தார். அண்டையிலுள்ள ஸ்ரீவில்லிபுத்தூரையும் அங்குத் தோன்றிய பெரியாழ்வாரையும் ஆண்டாளையும் பொருளாகக் கொண்டே விஜயநகர வேந்தர் கிருஷ்ணதேவராயர் 16-ஆம் நூற்றாண்டில் 'ஆமுக்தமால்யதா' என்னும் தெலுங்குக் காப்பியத்தை இயற்றினார். தெலுங்கு எம் பக்கத்திற்கு அயல்மொழியன்று. அன்றியும், அப்படத்திற்கு இசையமைத்த கே. வி. மகாதேவன் நாகர்கோயிற் பக்கத்துக் கிருஷ்ணன்கோயிலில் பிறந்தவர். படம் மொழிபெயர்க்கப்படாமலே தமிழ்நாட்டில் பெருவெற்றி பெற்றது. மகாதேவனுக்கும், எஸ். பி. பாலசுப்பிரமணியத்திற்கும், வாணி ஜெயராமிற்கும் தேசிய விருதுகளை ஈட்டித் தந்ததும் அவ்விசையே. எனினும், அத்தட்டின் மேன்மையில் ஒரு பங்கு தியாகராஜர் முதலிய முன்னோர் கீர்த்தனைகளுக்குரியது. முன்னோர் செல்வத்தை நன்கு செலவிட்டவர் என்று மகாதேவனை வாழ்த்துவோம். ஆயின் அவ்வாண்டே ஈட்டிய பொருளுக்கு முதலிடம் தருவோம்.

மே மாதத்தில் 'ஒருதலை ராகம்' வந்தது. பாட்டை எழுதி இசையும் அமைத்த டி. ராஜேந்தர் அப்போது திரையுலகிற்குப் புதியவர். டி. எம். சௌந்தரராஜனும் பாலசுப்பிரமணியமும் அவ்வொரு தட்டிலேயே பாடினர். கல்லூரி மாணாக்கர் அதனைத் தம் தட்டாகவே கொண்டனர். ஆயினும், சொல்லவியலாக் காதலின் துயர் ஒன்றே பெரும்பாலான பாட்டுகளிலும் சூழ்ந்து நிற்றலின், தொடர்ந்து கேட்பார்க்குச் சலிப்புத் தோன்றுகின்றது.

ஆகஸ்டில் மகேந்திரனின் 'ஜானி' வந்தது. இளையராஜா அதன் ஐந்து பாட்டுகளையும் ஐந்து குரல்களுக்குப் பகுத்தளித்தார். ஜானகி, ஜென்ஸி, ஷைலஜா, சுஜாதா, பாலசுப்பிரமணியம் என்போர் ஆளுக்கொன்று பாடினர். ஒன்றேனும் தள்ளத்தக்கதன்று. முதலிடத்திற்கு இதனினும் நெருங்கி வந்த தட்டு வேறில்லை. ஆயினும் அதில் ஒரு குறை காண்கின்றோம். படத்தின் தலைவி ஒரு பாடகி. அவள் கதையை அறிந்தார்க்கே ஜானகி பாடிய பாட்டு முழுப் பொருளையும் தருகின்றது. படத்தைக் காணாதார் பாதி பெறுகின்றனர்.

நவம்பரில் தீபாவளியை ஒட்டி வந்தவை நம் வழக்கைத் தீர்ப்பன. இளையராஜாவின் நூறாவது படமாகிய 'மூடுபனி' அவற்றுள் ஒன்று. 1976-இல் 'அன்னக்கிளி' வழியே அறிமுகமானவர் நான்காண்டில் நூறு தொட்டார் என்பது வியப்பே. ஆயினும் அத்தட்டின் புகழெல்லாம் கித்தார் நரம்போடு இயைந்து ஜேசுதாஸ் பாடிய ஒரு பாட்டின்மேல் நிற்கின்றது. ஒற்றைத் தூண் மண்டபமாகாது.

பாலசந்தரின் 'வறுமையின் நிறம் சிவப்பு' மற்றொன்று. எம். எஸ். விசுவநாதன் இசை, கண்ணதாசன் பாட்டு. தலைவி சந்தத்தை மட்டும் இசைக்க, தலைவன் அச்சந்தத்திற்குச் சொல் இட்டு நிரப்பும் பாட்டொன்று அதில் உளது. யாப்பிலக்கண வகுப்பில் பன்னாள் விளங்காதது அப்பாட்டைக் கேட்ட அளவில் விளங்கும். சந்தம் என்பது சொல்லுக்கிட்ட விலங்கன்று, சொல் நடப்பதற்கு அமைந்த பாதை என்பதற்கு அதனினும் நல்ல எடுத்துக்காட்டு யாமறியோம். மறு ஆண்டு, 1981 அக்டோபர் 17-இல், கண்ணதாசன் மறைந்தார். அத்தட்டின் ஏனைய பாட்டுகளும் இவ்வொன்றிற்கு நிகராயின் எம் தீர்ப்பு மாறியிருக்கும்.

அதே தீபாவளிக்கு வந்ததே பாரதிராஜாவின் 'நிழல்கள்'. வேலையின்றித் திரியும் இளைஞர் வாழ்வே இவ்விரு படங்களுக்கும் பொருள் என்பது நோக்கத்தக்கது. கண்ணதாசன் தம் இறுதிக் காலத்தில் ஒரு படத்திற்கு எழுத, வைரமுத்து என்னும் தமிழ் பயின்ற இளைஞர் மற்றொரு படத்தில் முதற்பாட்டு எழுதினார். ஒரு தலைமுறை விடைபெறுங்கால் மறுதலைமுறை வாயிலில் வந்து நின்றது. 2018-இல் இராஜபாளையத்தில் ஆண்டாளைக் குறித்து வைரமுத்து ஆற்றிய உரை ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரும் எதிர்ப்பை எழுப்பியதை எம் பக்கத்தார் மறந்திலர், யாமும் மறந்திலேம். ஆயினும் 1980-இன் பாட்டை 1980-இன் பாட்டாகவே எடை போடுதல் நடுவு நிலைமை. பின்னாட் பூசலுக்காக முன்னாட் பாட்டைத் தள்ளுதலும், முன்னாட் பாட்டிற்காகப் பின்னாட் செய்கையை வினவாது விடுதலும் ஒக்கப் பிழையாம்.

நான்கு பாட்டு, நான்கு புலவர். வைரமுத்து மாலைப் பொழுதை எழுதினார். வாலி இசைக் கலைஞன் ஒருவனின் கரையுடைத்த களிப்பை எழுதினார். கங்கை அமரன் காதலர் இருவரின் பாட்டை எழுதினார். பஞ்சு அருணாசலம் தொலைவில் நிற்பவனை நோக்கிய ஏக்கத்தை எழுதினார். முதலிரண்டையும் பாலசுப்பிரமணியமும், மூன்றாவதைத் தீபன் சக்கரவர்த்தியும் உமா ரமணனும், நான்காவதை ஜானகியும் பாடினர். அமைதி, களிப்பு, காதல், ஏக்கம் என நான்கு சுவைகள். ஒன்று மற்றொன்றின் இடத்தைப் பறிப்பதில்லை. தன்ராஜ் மாஸ்டரிடம் மேனாட்டிசை கற்ற இளையராஜா வயலின்களையும் குரல்களையும் அடுக்கும் முறையைக் கவனிக்க. ஆராதனைப் பாடகர் குழுவில் நான்கு குரலாகப் பிரிந்து பாடிப் பழகிய எம் போன்றார்க்கு, பாடுவோர் ஓய்ந்த இடத்தும் பாட்டு ஓயாமை நன்கு புலப்படும்.

இன்னுமொன்று. ஜானகி பாடிய அந்நான்காம் பாட்டு படத்தில் இடம்பெறவேயில்லை; தட்டில் மட்டுமே உள்ளது. காட்சி இல்லை, நடிகர் இல்லை, கதைத்தொடர்பு இல்லை. ஆயினும் கேட்போர் உள்ளம் உருகுகின்றது. கோதை பிறந்த ஊரார்க்கு அவ்வேக்கம் புதிதன்று. எம் முதல் உரைகல்லில் இதனினும் தெளிவாகப் பொன் துலங்குமோ?

படமோ வசூலில் தோற்றது. 'நிழல்கள்' என்று பெயர் பூண்ட படம் அரங்கைவிட்டு அகல, அதன் நிழலாகிய தட்டு நிலைத்தது. அன்று இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் தட்டு சுழற்றும் பெட்டி எல்லார் வீட்டிலும் இருந்ததன்று. தேநீர்க் கடையிலும், மணவீட்டு மைக்செட்டிலும், ஊர்த் திருவிழாவிலும் கேட்டதே பலர்க்கும் கேள்விச் செல்வம் என்று எம் மூத்தோர் கூறுவர். தட்டின் ஒரு பக்கத்தை வைத்தால் அப்பக்கம் முடியுமட்டும் கேட்பர். விரும்பிய பாட்டின் அருகில் அறியாத பாட்டும் செவியில் விழும். நாமோ கைப்பேசியில் விரலால் தள்ளி, பாட்டு தொடங்கிச் சில நொடிக்குள் அதன் விதியை முடித்துவிடுகின்றோம். முழுமையைக் கேட்கும் பொறுமை குன்றின், முழுமையைப் படைக்கும் கலைஞரும் குன்றுவர். வெற்றி தோல்வி என்னும் வணிகர் கணக்கே நம் கணக்காயின், 'நிழல்கள்' போன்ற தட்டு நம் கைக்கு எட்டியே இராது. தேர்வில் வகுப்பு வாங்காத நண்பரையும், வேலை கிட்டாத பட்டதாரியையும் ஊர் அளக்கும் அளவுகோல் இதுவேயன்றோ?

ஆதலின் மாணவ நண்பர்காள், ஒரு மாலையில் இருபது நிமிடம் ஒதுக்கி அந்நான்கு பாட்டையும் இடையில் தள்ளாது கேண்மின். கேட்டபின் 'ஜானி'யே முதலாவது என்று தோன்றின், அடுத்த ஆண்டு மலரில் காரணம் காட்டி மறுத்தெழுதுமின். யாம் வருந்தோம். திரைப்பாட்டைக் காரணத்தோடு ஆராய்ந்து வழக்கிடும் ஒரு கூட்டம் நம் கல்லூரியில் உண்டாயிற்றென்று மகிழ்வோம்.