அழிந்துபோன வீட்டுக்கு யார் சாட்சி?

டித்வா புயல் நாட்டைக் கடந்து சென்ற பிறகு நமது ஊடகங்களில் அதிகம் பேசப்பட்டது இரண்டு விடயங்கள். ஒன்று, 600ஐத் தாண்டிய உயிரிழப்பு. மற்றையது, அரசாங்கம் அறிவித்த நட்டஈடு. வீட்டைத் துப்புரவு செய்ய 25,000 ரூபா, முழுமையாக அழிந்த வீட்டை மீளக் கட்ட 50 இலட்சம் ரூபா என்ற தொகைகள் பெரிதாகப் பேசப்பட்டன. இந்தத் தொகைகள் போதுமா, போதாதா என்ற விவாதம் அவசியமானது. ஆனால், அதற்கு முன்னர் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. மண்ணுக்குள் போய்விட்ட ஒரு வீட்டில் என்ன இருந்தது என்பதை யார், எதைக்கொண்டு நிரூபிப்பது?

அரசாங்க நட்டஈடாக இருந்தாலும் தனியார் காப்புறுதியாக இருந்தாலும் அடிப்படை ஒன்றுதான். இழந்ததாகச் சொல்பவரே இழப்பை நிரூபிக்கவேண்டும். கிராம உத்தியோகத்தர் அறிக்கை எழுதுகிறார், பிரதேச செயலகம் அதை உறுதிப்படுத்துகிறது, மதிப்பீட்டாளர் வந்து பார்க்கிறார். அவர் வரும்போது எஞ்சியிருப்பது சேறும் உடைந்த சுவரும்தான். தையல் இயந்திரம் இருந்தது, குளிர்சாதனப் பெட்டி இருந்தது, மகளின் திருமணத்துக்கென்று வாங்கிவைத்த பொருட்கள் இருந்தன என்பதெல்லாம் வெறும் வாய்ச்சொல்லாகிவிடுகிறது. படிவத்தில் 'வீட்டு உபகரணங்கள்' என்ற ஒற்றை வரிக்குள் இருபது வருட உழைப்பு அடங்கிவிடுகிறது.

ஆவணம் வைத்திருப்பவருக்கும் இல்லாதவருக்கும் இடையிலான தூரத்தை விளங்கிக்கொள்ள அண்மைய உதாரணம் ஒன்று போதும். 2022 மே மாத வன்முறையில் சொத்துக்களை இழந்த அரசியல்வாதிகள் 43 பேருக்கு 122 கோடி ரூபாவுக்கும் அதிகமான நட்டஈடு வழங்கப்பட்டிருந்தது. 2025 பெப்ரவரியில் இந்த விபரம் பாராளுமன்றத்தில் வெளியிடப்பட்டபோது நாடே அதிர்ச்சியடைந்தது. மறுபக்கத்தில், 2016இல் தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தின் ஊடாக அறிமுகப்படுத்தப்பட்ட இயற்கை அனர்த்தக் காப்புறுதித் திட்டத்தில் சாதாரண குடும்பம் ஒன்றின் சொத்திழப்புக்கான உச்ச வரம்பு 25 இலட்சம் ரூபா. அந்த அரசியல்வாதிகளுக்கு வழங்கப்பட்டது நியாயமா என்பது தனி விவாதம். இங்கு கவனிக்கவேண்டியது வேறொன்று. அதிகாரமுள்ளவர்களிடம் உறுதி, மதிப்பீட்டு அறிக்கை, சட்டத்தரணி, கணக்காளர் எல்லாமே இருக்கின்றன. வெள்ளத்தில் வீட்டை இழந்த கூலித் தொழிலாளியிடம் தேசிய அடையாள அட்டைகூட மிஞ்சுவதில்லை.

வடக்கு கிழக்கு மக்களுக்கு இது புதிய அனுபவம் அல்ல. 2004 சுனாமியிலும் 2009 வன்னி இறுதி யுத்தத்திலும் வீட்டோடு சேர்த்து உறுதிகளும் பெர்மிட்டுகளும் புகைப்படங்களும் போயின. உறுதியின் சான்றுபடுத்திய பிரதியைக் காணிப் பதிவகத்தில் எடுக்கலாம், பெர்மிட் காணியென்றால் பிரதேச செயலகத்தில் கோவை இருக்கும். ஆனால், வீட்டுக்குள் இருந்த பொருட்களுக்கு எந்தத் திணைக்களத்திலும் கோவை இல்லை.

மலையகத்தின் நிலைமை இதைவிடச் சிக்கலானது. 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயன்களை மூடியபோதும், இப்போது பதுளை, நுவரெலியா, கண்டி, மாத்தளை மாவட்டங்களில் மலைகள் சரிந்தபோதும் எழுந்த கேள்வி ஒன்றே. காணி உரிமை இல்லாத, வீட்டு உறுதி இல்லாத ஒரு குடும்பம் எதன் உரிமையாளர் என்று விண்ணப்பிப்பது? லயன் அறை அவர்கள் பெயரில் இல்லை என்பது உண்மை. ஆனால், அந்த அறைக்குள் இருந்த தொலைக்காட்சி, கட்டில், அலுமாரி, சமையல் பாத்திரம், பிள்ளைகளின் புத்தகம் எல்லாம் அவர்கள் உழைத்து வாங்கியவை. அறைக்கு முன்னால் தங்கள் சொந்தப் பணத்தில் கட்டிய குசினியும் அவர்களுடைய செலவுதான். கட்டடத்தின் உரிமையும் பொருட்களின் உரிமையும் வெவ்வேறு. உறுதி இல்லாத குடும்பத்துக்கும் வாடகைக்கு இருக்கும் குடும்பத்துக்கும் பொருட்களைப் பற்றிய பதிவு மட்டும்தான் சாட்சி.

தனியார் காப்புறுதி வைத்திருப்பவர்களும் நிம்மதியாக இருக்க முடியாது. நமது நாட்டில் வீட்டுக் காப்புறுதி எடுத்திருப்பவர்களில் பலர் வங்கிக் கடனுக்காக எடுத்தவர்கள். அப்படியான பத்திரத்தை ஒருமுறை எடுத்து வாசித்துப் பாருங்கள். அது கட்டடத்தை மட்டும் உள்ளடக்கியிருக்கலாம், வீட்டுப் பொருட்கள் அதில் இல்லாமல் இருக்கலாம். வெள்ளமும் மண்சரிவும் மேலதிகக் கட்டணம் செலுத்தினால் மட்டுமே சேர்க்கப்படுபவையாக இருக்கலாம். நட்டஈடு முதலில் வங்கிக்குப் போகும் என்ற நிபந்தனையும் இருக்கலாம்.

இதில் பலரும் அறியாத ஒரு விதி உண்டு. வீட்டின் உண்மையான பெறுமதியைவிடக் குறைவான தொகைக்குக் காப்புறுதி செய்திருந்தால், நட்டஈடும் அதே விகிதத்தில் குறைக்கப்படும். மீளக் கட்ட ஒரு கோடி ரூபா தேவைப்படும் வீட்டை 50 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வெள்ளத்தில் 20 இலட்சம் ரூபா சேதம் ஏற்பட்டால் 20 இலட்சமும் கிடைக்காது, 10 இலட்சம்தான் கிடைக்கும். 2022இல் டொலர் ஒன்றின் பெறுமதி ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை போனபோது சீமெந்து, கம்பி, ஓடு எல்லாவற்றினதும் விலை எகிறியது. அதற்கு முன்னர் நிர்ணயித்த தொகையை மாற்றாமல் வருடாவருடம் புதுப்பித்துவருபவர்கள் அனைவரும் இந்தப் பொறிக்குள் இருக்கிறார்கள்.

அப்படியானால் என்ன செய்யலாம்? பதிவு செய்வதற்குப் பெரிய செலவு தேவையில்லை. ஒரு கைத்தொலைபேசியும் அரை மணித்தியாலமும் போதும். வாசலில் தொடங்கி ஒவ்வொரு அறையாக நடந்து, அலுமாரிகளைத் திறந்து காட்டி, என்ன பொருள், எப்போது வாங்கியது, என்ன விலை என்று பேசியபடியே வீடியோ எடுங்கள். மின்சாரப் பொருட்களின் பின்புறத்தில் உள்ள தொடர் இலக்கத்தைக் கிட்டவைத்துப் படமெடுங்கள். பற்றுச்சீட்டு, உத்தரவாத அட்டை, உறுதி அல்லது பெர்மிட், வங்கிப் புத்தகம், அடையாள அட்டை ஆகியவற்றையும் படமெடுங்கள். தொலைபேசியும் வெள்ளத்தில் போகக்கூடும். ஆகவே கொழும்பிலோ வெளிநாட்டிலோ இருக்கும் உறவினர் ஒருவருக்கும் அனுப்பிவையுங்கள். வட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் தெளிவு குறையும், எடுத்த திகதி விபரமும் அழிந்துவிடும். ஆவணமாக இணைத்து அனுப்புவதே நல்லது.

அனர்த்தம் நடந்துவிட்டால், துப்புரவு செய்வதற்கு முன்னர் படமெடுங்கள். சுவரில் வெள்ளம் நின்ற கோடு தெரியவேண்டும். பழுதான பொருட்களை மதிப்பீட்டாளர் பார்க்கும்வரை எறியாதீர்கள், எறிந்தேயாகவேண்டும் என்றால் படமெடுத்த பிறகு எறியுங்கள். தொலைபேசி அழைப்போடு நிறுத்தாமல் காப்புறுதி நிறுவனத்துக்கு எழுத்துமூலம் அறிவியுங்கள். கிராம உத்தியோகத்தர் எழுதும் சேத விபரத்தின் பிரதியைக் கேளுங்கள். தர மறுத்தால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. நிறுவனத்தின் தீர்மானம் நியாயமற்றது என்று கருதினால் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடமும் இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடமும் முறையிடலாம்.

ஆனால், இந்தப் பொறுப்பு முழுவதையும் மக்களின் தலையில் கட்டிவிட்டு அரசாங்கம் ஒதுங்கிக்கொள்வதை ஏற்க முடியாது. எந்த மலைச்சரிவுகள் ஆபத்தானவை என்பதைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வரைபடமாக்கி வைத்திருக்கிறது. ஆபத்தான இடம் தெரியும் என்றால், அங்கு வாழும் குடும்பங்களின் வீட்டு விபரத்தை அனர்த்தத்துக்கு முன்னரே, மழைக்காலம் தொடங்குவதற்கு முன்னரே பதிவு செய்ய ஏன் முடியாது? கிராம உத்தியோகத்தரும் தோட்ட முகாமைத்துவமும் சேர்ந்து வருடத்துக்கு ஒருமுறை செய்யக்கூடிய வேலை இது. சேத விபரப் படிவம் தமிழில் இருக்கவேண்டும். உறுதி இல்லாதவர்களிடம் மின்பட்டியல், வாக்காளர் பதிவு, அயலவரின் சத்தியக்கூற்று போன்றவற்றை ஆதாரமாக ஏற்கவேண்டும். மதிப்பீட்டின் பிரதி, கேட்காமலேயே ஒவ்வொரு குடும்பத்துக்கும் வழங்கப்படவேண்டும்.

50 இலட்சம் ரூபா என்ற அறிவிப்பு ஒரு குடும்பத்தின் கைக்குக் காசாக வந்துசேரும் பாதையில் எத்தனை படிவங்கள், எத்தனை கையொப்பங்கள் இருக்கின்றன என்பதை இந்த மாதங்களில் நாம் பார்க்கப்போகிறோம். அந்தப் பாதையில் வெறுங்கையோடு நிற்பவர்கள் யார் என்று ஒரு பட்டியல் எடுத்தால், அதில் லயன் அறைக் குடும்பங்களும் வாடகைக் குடும்பங்களும் பெர்மிட் தொலைத்தவர்களுமே முதலில் இருப்பார்கள். அடுத்த மழைக்கு முன்னர் அவர்களுடைய வீட்டு விபரங்கள் ஏதோவொரு இடத்தில் எழுதப்பட்டிருக்கவேண்டும். அது நடக்கும்வரை, உங்கள் வீட்டை நீங்களே படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.