துரைகளிலும் ஏழைகள் உண்டு

வெள்ளைக்காரர் என்றதும் நம்மவர் மனக்கண்ணில் வந்து நிற்பது பங்களாவும் பல்லக்கும் கலெக்டர் துரையுந்தான். ஆனால் இந்நாட்டில் வாழ்ந்த வெள்ளையரில் பெரும்பாலோர் பட்டாளத்துச் சிப்பாய்கள், என்ஜின் டிரைவர்கள், கார்டுகள், பிட்டர்கள், கடைச் சிப்பந்திகள் போன்ற சாமானியர்களே.

1853 ஏப்ரல் 16-ந் தேதி பம்பாயிலிருந்து தாணாவுக்கு முதல் பயணி ரயில் ஓடியது. பாதை நீள நீள, வண்டி ஓட்டவும் பழுது பார்க்கவும் பிரிட்டனிலிருந்து தொழிலாளர்கள் கப்பலேறி வந்தனர். பட்டாளத்தை விட்டு விலகியவர்களும் ரயில்வேயில் சேர்ந்தனர். 1862-ல் பீகாரின் ஜமால்பூரில் ஈஸ்ட் இந்தியன் ரயில்வே ஒர்க்‌ஷாப் தொடங்கியது. அதையொட்டி அவர்களுக்கென ஒரு காலனியே எழுந்தது. சொந்த ஊரில் கைகட்டி நின்றவருக்கும் இங்கே வீட்டு வேலைக்கு ஆள் கிடைத்தது. வாசலில் சலாம் கிடைத்தது.

வேலை போனால் அந்தச் சலாமும் போயிற்று. கடைவீதியில் கையேந்தித் திரிந்த வெள்ளையர் சர்க்காருக்குப் பெருந்தலைவலி ஆயினர். 1869-ல் அதற்கென்றே ஒரு சட்டம் வந்தது. 1874-ல் அது திருத்தி எழுதப்பட்டது. அப்படித் திரியும் ஐரோப்பியரைச் சர்க்கார் விடுதியில் வைக்கலாம், சர்க்கார் செலவில் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பலாம். அப்படிப் போகிறவர் ஐந்தாண்டுகள் திரும்பி வருவதில்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். இதில் இரக்கத்தைவிடப் பயமே அதிகம். கந்தல் உடுத்திய வெள்ளையரைக் கண்டால், ஆளப் பிறந்த ஜாதி என்ற பிரமை ஜனங்களுக்குக் கலைந்துவிடுமே!

இதற்காக அவர்களைத் தியாகிகளாக்க வேண்டியதில்லை. மெயில் வண்டி டிரைவர் உத்தியோகம் நெடுங்காலம் வெள்ளையருக்கும் ஆங்கிலோ இந்தியருக்குமே உரியதாயிருந்தது. அதே என்ஜினில், அதே அனலில் நின்று கரி அள்ளிப் போட்ட இந்தியருக்கு அந்த இடமும் எட்டவில்லை, அந்தச் சம்பளமும் எட்டவில்லை. வெள்ளைத் தொழிலாளி பெரும்பாலும் இந்தச் சலுகையைத் தன் உரிமை என்றே எண்ணினார்.

லாபம் யாருக்கு? கம்பெனிக்குத்தான். இருவரும் ஒன்றுகூடிக் கூலி கேட்காதபடி தோலின் நிறம் வேலியாக நின்றது.

1947-ல் துரைகள் போய்விட்டனர். பிறப்பைக் காட்டி ஒருவருக்குச் சற்றே கூட்டிக் கொடுத்து, அடுத்தவரை விலக்கி வைக்கும் வித்தை மட்டும் அவர்களோடு கப்பலேறவில்லை. நிறம் செய்த வேலையை இன்று ஜாதியும் பாஷையும் ஊரும் செய்கின்றன. பிழைக்க வந்த இடத்தில் உழைப்பவர்கள் இதை உணர வேண்டும். தமக்கு வரும் சலுகை உழைப்புக்கா, பிறப்புக்கா என்று முதலில் கேட்டுப் பார்ப்பதே நல்லது.