ஃபேர்னஸ் செத்தது, க்ளோ வாழ்க!

இப்பல்லாம் யாரும் 'சிவப்பாகணும்'னு சொல்றதில்லை, கவனிச்சீங்களா? எல்லாருக்கும் 'க்ளோ' வேணும், 'ப்ரைட்டனிங்' வேணும், 'டீ-டான்' வேணும். கொரியாக்காரன் புண்ணியத்தில் 'கிளாஸ் ஸ்கின்' வேற. எங்க டீம்ல ஒரு பொடியன் டெஸ்க்கில் மூணு சீரம் பாட்டில் வச்சிருக்கான். கேட்டா, "ஃபேர்னஸ் எல்லாம் இல்லண்ணா, ஸ்கின் ஹெல்த்" என்கிறான். நல்லது ராசா. அப்புறம் எதுக்கு அந்த விளம்பரத்தில் 'முன்', 'பின்' படம் போட்டா, 'பின்' மூஞ்சி மட்டும் நாலு ஷேடு வெளுத்திருக்கு?

கொஞ்சம் பழைய கதை. ஃபேர் அண்ட் லவ்லி இந்தியக் கடைகளுக்கு வந்தது 1975-ல். கருப்பா இருந்தா வேலை கிடைக்காது, மாப்பிள்ளை கிடைக்காது, பூசினா ரெண்டும் கிடைக்கும்னு பல வருஷம் விளம்பரம் ஓடிச்சு. 2020-ல் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலைக்குப் பிறகு உலகம் முழுக்கப் போராட்டம் கிளம்பியது. அந்த ஜூனில்தான் 'ஃபேர்' என்ற சொல்லை எடுக்கப்போவதாக ஹிந்துஸ்தான் யூனிலீவர் அறிவித்தது. அடுத்த மாசமே புதுப்பெயர்: க்ளோ அண்ட் லவ்லி. ஆஹா புரட்சின்னு கை தட்டினாங்க.

பொட்டி தட்டுற எவனைக் கேட்டாலும் சொல்வான்: வேரியபிள் பேரை மாத்தினா ப்ரோக்ராம் மாறாது. உள்ளே என்ன ஓடுதுன்னு பார்க்கணும்.

பார்த்தா, செம காமெடி. இன்னிக்கு சீரம் உலகத்தின் சூப்பர் ஸ்டார் யார்? நியாசினமைடு. பேரைக் கேட்டா ஏதோ ராக்கெட் எரிபொருள் மாதிரி இருக்கும். வேற ஒண்ணுமில்லை, வைட்டமின் பி3-யின் ஒரு வடிவம். மெலனின் நிறமி, அதை உண்டாக்கும் செல்லிலிருந்து மேல்தோல் செல்களுக்குப் போறதை இது கொஞ்சம் குறைக்கும். பூசுறதை நிறுத்தினா தோல் பழையபடி ஆகிடும். நம்ம 1975 ட்யூபோட ஆதார சரக்கே இதுதான் சாமி! பாட்டி பூசினா 'கருப்பு மேல வெறுப்பு', பேத்தி கண்ணாடிச் சொட்டானில் எடுத்து விட்டுக்கிட்டா 'செல்ஃப் கேர்'. 30 மில்லிக்கு ஐநூறு, அறுநூறு ரூபாய். ஆய்வுகளில் பெரும்பாலும் 5 சதவீதம் வரைதான் போட்டுப் பார்த்திருக்காங்க, கடையில் 10 சதவீதம் விக்குது. நம்பர் பெருசா இருந்தா நல்லதுன்னு நினைக்கிற கூட்டம்தானே நாம.

"அவங்க மூஞ்சி, அவங்க காசு, உனக்கென்ன?" என்பீர்கள். சீரத்தோட நின்னா எனக்கும் ஒண்ணுமில்லை. ஆனா வெளுக்கணும் என்ற ஆசையை அப்படியே வளரவிட்டு, சொல்லை மட்டும் மறைச்சா, காசு இல்லாதவன் எங்கே போவான்? பேர் ஊர் இல்லாத டப்பாவுக்குத்தான்.

கேரளாவில் மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் 2021 ஜூலையிலிருந்து 2023 செப்டம்பர் வரை ஒரு வகைச் சிறுநீரக நோயோடு 22 பேர் வந்தாங்க. சிறுநீரில் புரதம் கொட்டுது, உடம்பு வீங்குது. அதில் 15 பேருக்கு அபூர்வமான ஒரு ரகம். அந்த 15-ல் 13 பேர் சிவப்பழகு க்ரீம் பூசியவங்க. குற்றவாளி பாதரசம். மெலனின் உற்பத்தியையே அது அடக்கும், அதனால சட்டுனு வெளுக்கும். தோல் வழியே ரத்தத்துக்குப் போய் கிட்னியில் உட்காரும். பூசினவங்க அதையும் 'க்ளோ'ன்னுதான் நினைச்சிருப்பாங்க.

ஸ்டீராய்டு களிம்பு இன்னொரு கூத்து. 2018-ல் 14 ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு வேண்டிய பட்டியலில் மத்திய அரசு சேர்த்தது. சீட்டு கேக்கிற மெடிக்கல் ஷாப்பை நீங்க பார்த்திருக்கீங்களா? முதல் மாசம் மூஞ்சி பளபளக்கும். அப்புறம் தோல் மெலிஞ்சு, ரத்தக்குழாய் தெரிஞ்சு, பருவா வெடிக்கும். நிறுத்தினா எரியும், அதனால திரும்பப் பூசுவாங்க.

இதையெல்லாம் கேட்காம, "நாங்க ஃபேர்னஸ் விக்கலை சார், ரேடியன்ஸ் விக்கிறோம்"னு சொல்றவங்களுக்கு ஒரே ஒரு கேள்வி. உங்க க்ளோ பூசி ஒருத்தியாவது இன்னும் கொஞ்சம் கருப்பா, ஆனா பளபளன்னு ஆன மாதிரி ஒரு விளம்பரம் காட்டுங்க பார்ப்போம்.

டிஸ்கி: சன்ஸ்க்ரீனைத் திட்டலை. அது வேலை செய்யும். ஆனா எஸ்.பி.எஃப் 30 புறஊதா-பி கதிரில் சுமார் 97 சதவீதம் தடுக்கும், 50 சுமார் 98. அந்த ஒரு சதவீதத்துக்கு எவ்வளவு கூடக் கேக்கிறான்னு பில்லைப் பாருங்க.